விபூதிப் புதனுக்கு முந்தின நாள்

மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஆணி இருந்தது, ஒட்டடை இருந்தது, ஓலைச் சிலுவையைக் காணோம். படத்தையே கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது.

மாதக் கடைசிக்குள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸ். கொடுத்தது எனக்கில்லை, என் வீட்டுக்காரர் இன்னாசிக்கு. ஒரு அமைச்சகத்தில் டிரைவராக இருந்தார். போன ஜூலையில் ஒருநாள் மதியம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மார்வலி வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார் என்று பின்சீட்டில் இருந்த அதிகாரி வீடு தேடி வந்து சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. காலையிலேயே நெஞ்சைக் கரிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்றவர், ஹேண்ட் பிரேக்கை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

"அனிட்டா, படத்துக்குப் பின்னாடி இருந்த குருத்தோலை எங்கடி?"

என் மகள் ஒரு கையில் பிரெட்டும் மறு கையில் ஷூவுமாக நின்றிருந்தாள். குருகிராமில் வேலை. மெட்ரோவைப் பிடிக்கிற அவசரம்.

"அதுவா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கதிரவன் அங்கிள் சாக்கு வச்சுக்கிட்டு நின்னாரே. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுட்டேன்." கரண்டு பில் கட்டிவிட்டு வந்தவள் போலச் சொன்னாள்.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? பழைய ஓலை விபூதிப் புதனத் தாண்டி வீட்ல இருக்கக் கூடாதுன்னு அப்பாதான சொல்வாரு."

சொல்வார்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. இயேசு கழுதைக்குட்டி மேல் ஏறி ஜெருசலேமுக்குள் வந்தபோது சனங்கள் ஓலையை ஆட்டி, ஓசன்னா பாடி வரவேற்றார்களாம். அந்த நினைவுக்காக நாங்களும் ஓலை பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவோம். டெல்லியில் தென்னங்குருத்துக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி ரயிலில் வரும். இறக்கிக்கொண்டு வருவது இன்னாசியின் வேலை. மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்போம். வருஷம் முழுக்க அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அடுத்த தவக்காலம் தொடங்குகிற புதனுக்கு முன்னால் எல்லா வீட்டு ஓலையும் கோவிலுக்குத் திரும்பிப் போகும். அதை எரித்த சாம்பலைத்தான் பங்குச் சாமியார் புதன்கிழமை எங்கள் நெற்றியில் பூசுவார். சாம்பல் புதன் என்று இப்போது அச்சடிக்கிறார்கள். மணப்பாறைப் பக்கம் எங்கள் வாயில் அது எப்போதும் விபூதிப் புதன்தான்.

இந்த வருஷம் அந்த ஒரு ஓலையை மட்டும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வியாக்கியானம் பேசுவார்கள். இன்னாசி காலமெல்லாம் கார் ஓட்டினார். ஓட்டின தூரத்தை எடுத்து அலமாரியில் வைக்க முடியுமா? வண்டிச் சாவியை அடுத்த வாரமே வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் கையால் செய்த பொருள் என்று இந்த வீட்டில் இருந்தது அந்த ஓலைச் சிலுவை ஒன்றுதான். அது என்னுடையது. அதைத்தான் இவள் சாக்கில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"கல்லறைக்குக் குடுத்தது பத்தாதுன்னு உங்கப்பன ரெண்டாவது தடவையும் அள்ளிக் குடுத்துட்டு வந்திருக்கடி நீ," என்றேன்.

வாயை விட்டு வந்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று எனக்கே தெரிந்தது. அனிட்டா பிரெட்டைத் தட்டில் வைத்தாள், ஷூவை மாட்டினாள், கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கிப் போய்விட்டாள்.

கதிரவனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கதிரவன் எங்கள் தமிழ்ப் பூசைக்கு எடுபிடி வேலை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிற ஆள். சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்தில் சமையல் வேலை. இத்தனை வருஷமும் ஓலை எரிக்கிற பொறுப்பு இன்னாசியுடையது. இந்த வருஷம் அது கதிரவன் தலையில் விழுந்திருந்தது. எங்கே எரிக்கப் போகிறான், எப்போது எரிக்கப் போகிறான், ஒன்றும் எனக்குத் தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் பூசை. அப்படியென்றால் இன்றைக்கு எரித்தாக வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தைக்க வந்த ஜாக்கெட்டுகளை அப்படியே மிஷின் மேல் போட்டுவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எங்கள் பிளாக்குக்குக் கீழே இஸ்திரி போடும் மகேஷ் ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். பிறகு, பிறகு என்று கையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

எங்கள் பூசை நடக்கிற கோவில் கோல் மார்க்கெட்டைத் தாண்டி இருக்கிறது. இங்கிலீஷ் பூசை, இந்தி பூசை எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்கு இடம் விடுவார்கள். பஸ் ஊர்ந்தது. பக்கத்தில் இருந்த பெண் மாத்திரம் நிம்மதியாக வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

கோவில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். இன்னாசியைத் தெரிந்தவர்.

"சாக்கு இங்க வச்சிருந்தாங்களே, ஓலை, சூக்கா பத்தா, எங்க பையா?" அண்ணன் என்று கூப்பிட்டு, பாதி இந்தியில் கேட்டேன்.

இங்கே எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன் என்றார் அவர் இந்தியில். டெல்லியில் இலை எரித்தால் அபராதம் என்பது தெரியாதா, யாராவது செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் தன் வேலைதான் போகும் என்றார். கதிரவன் நேற்றுச் சாயங்காலமே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டானாம். தான் வேலை செய்கிற இடத்தில் எரிப்பதாகச் சொன்னானாம்.

"அச்சா," என்றேன். வேறென்ன சொல்வது? பாவம், அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் பட்டேன். கேட்டைச் சத்தம் வர இழுத்துச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

அங்கிருந்து ஆட்டோ. சாணக்யபுரிக்குள் நுழைந்தால் தெரு அகலம், மரம் பெரிசு, நடமாட்டம்தான் இல்லை. விருந்தினர் இல்லத்து கேட்டில் பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு நிற்கவைத்தார்கள். நின்றேன். உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. இவன் அடுப்பில் சாம்பாருக்கு அடியில் என் ஓலை எரிந்துகொண்டிருக்குமோ என்று நினைத்தேன். காஸ் அடுப்பில் ஓலையை யார் வைப்பார்கள்? புத்தி அப்படித்தான் போயிற்று.

கதிரவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்னக்கா, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

"ஓலைச் சாக்கு எங்கடா?"

"அத ஏன் கேக்குறீங்க. இங்க பின்பக்கம் எரிக்கலாம்னு பாத்தேன். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாரு. காலங்காத்தால உங்க பிளாக்குக்குக் கீழ மகேஷ்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன். இஸ்திரிக்கு எப்படியும் கரி மூட்டுவாருல்ல. இன்னாசி அண்ணன் வருஷா வருஷம் அங்கதான எரிப்பாரு."

மகேஷ் காலையில் கூப்பிட்டது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

"வாசல் வரைக்கும் வந்தவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?"

"விடியவே இல்லையேக்கா. நீங்க தூங்குவீங்கன்னு..."

"அவரு போனதுலேர்ந்து நான் என்னைக்குடா தூங்குனேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவனைத் திட்டித் தீர்க்க நேரமில்லை. "எப்ப எரிப்பான்?"

"வெயில் ஏறுனதும் கரி மூட்டுவாரு. கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு எரிச்சு வைக்கச் சொன்னேன். ஏங்க்கா, என்னாச்சு?"

"அதுல இன்னாசி மடிச்சது இருக்கு. தெரியாமப் போயிருச்சு. எனக்கு வேணும்."

கதிரவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அதற்குள் ஆட்டோவுக்குக் கை காட்டிவிட்டேன். "அக்கா, அதுல எல்லாமே..." என்று பின்னால் கேட்டது. ஆட்டோ சத்தத்தில் மீதி காதில் விழவில்லை.

ரவுண்டானாவில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யாரோ பெரிய ஆள் போகிறாராம். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகப் புகையிலையைக் கசக்கினார். "ஜல்தி, பையா, ஜல்தி," என்றேன். "மேடம், பறக்கவா சொல்றீங்க?" என்று இந்தியில் கேட்டார். பறக்கத்தான் சொன்னேன். மணியைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். அனிட்டா பல தடவை கூப்பிட்டிருந்தாள். எடுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. காலையில் சொன்ன வார்த்தை நாக்கிலேயே கிடந்தது.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே விபூதிப் புதனன்று, அப்பாவைக் கேட்டாள். சாம்பல்தானே வேண்டும், ஏதாவது விறகை எரித்தால் ஆகாதா, எதற்கு நல்ல ஓலையை எரிக்க வேண்டும் என்று. இன்னாசி அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"ஓசன்னான்னு ஓலைய ஆட்டுனாங்கல்ல, அதே கூட்டம்தான் அஞ்சாம் நாளு இவனச் சிலுவையில அறையுங்கன்னு கத்துச்சு. நாமளும் அந்தக் கூட்டம்தான் பாப்பா. அதுனாலதான் நாம ஆட்டுன ஓலையவே எரிச்சு நம்ம நெத்தியிலயே பூசுறது. விறக எரிச்சா அது அடுப்புச் சாம்பல். இது நம்ம சாம்பல்."

நினிவே நகரத்து ராஜாவே சிம்மாசனத்தை விட்டு இறங்கி, கோணியைக் கட்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தான் என்றும் சொன்னார். அனிட்டாவுக்கு அந்த ராஜா பிடித்துப் போனான். ஒரு வாரம் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஓலையை மறைத்து வைக்க நினைத்தது தப்பு என்றும் தெரியும். தெரிந்துதான் நினைத்தேன். ஆண்டவர் என் ஆளை எடுத்துக்கொண்டார், நான் ஒரு ஓலையை எடுத்துக்கொண்டால் குறைந்தா போவார்?

ஆட்டோ வந்து நின்றபோது மகேஷின் மேஜைக்குப் பக்கத்தில் இரும்பு அடுப்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு கையில் விசிறி, மறு கையில் ஒரு கொத்து ஓலை.

"ருக்கோ, மகேஷ், ருக்கோ," என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். ஆட்டோக்காரர் காசுக்காகப் பின்னாலேயே ஓடி வந்தார்.

மகேஷ் பயந்துபோய்க் கொத்தைக் கீழே போட்டான். இப்போதுதான் கரி பிடித்தது அண்ணி, இன்னும் ஒன்றும் எரியவில்லை, பற்றவைக்க ஒன்றிரண்டுதான் போட்டேன் என்றான். அந்த ஒன்றிரண்டில் என்னுடையது போயிருக்குமோ என்றிருந்தது எனக்கு. சாக்கை இழுத்து மேஜை மேல் கொட்டினேன். எவர் வீட்டுச் சட்டையோ இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. அதன் மேலேயே கொட்டினேன்.

கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னாசி இடது கைக்காரர். அவர் மடித்தால் மடிப்பு எதிர்ப்பக்கமாக விழும், நுனி வலது பக்கம் போய்ச் சொருகியிருக்கும். எத்தனை சிலுவைக்கு நடுவில் போட்டாலும் எனக்குத் தெரியும். மேலே கிடந்ததை எடுத்தேன். நுனி வலது பக்கம்.

"கெடச்சிருச்சு," என்றேன் சத்தமாக. மகேஷ் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். உட்கார்ந்து அதை மார்போடு வைத்துக்கொண்டேன். காய்ந்து, பழுப்பாகி, ஒரு கனமும் இல்லாமல் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சாக்கில் திரும்ப அள்ளப் போனேன். கைக்கு வந்த சிலுவையிலும் நுனி வலது பக்கம் இருந்தது.

அதையும் எடுத்துப் பார்த்தேன். அவருடைய மடிப்புதான். இன்னொன்றை எடுத்தேன். அதுவும். அள்ளி அள்ளிப் பார்த்தேன். சிறுசு, பெருசு, ஓரம் கிழிந்தது, எண்ணெய்ப் பிசுக்குப் பட்டது, சாம்பிராணி வாசனை அடிப்பது. எல்லாம் அவர் மடிப்பு. ஸ்டேப்ளர் அடித்த சிலுவை ஒன்றிரண்டு இருந்தது, யாரோ சடை மாதிரி பின்னி வைத்தது ஒன்று இருந்தது. மீதி அத்தனையும் இன்னாசி.

மார்போடு வைத்திருந்தது என் வீட்டுடையதா, வேறு யார் வீட்டுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

கதிரவனுக்குப் போன் போட்டேன். இந்த முறை உடனே எடுத்தான்.

"அதத்தாங்க்கா சொல்ல வந்தேன். பூசை முடிஞ்சதும் எல்லாரும் அண்ணன்கிட்டதான் ஓலைய நீட்டுவாங்க. நமக்கே மடிக்க வராது, இங்க பொறந்ததுகளுக்கு எங்க வரும்? மாதா சிலை இருக்கிற கெபி பக்கத்துல உக்காந்து எல்லாத்துக்கும் மடிச்சுக் குடுத்துட்டுதான் எந்திரிப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. குருத்தோலை ஞாயிறன்று கறிக்குழம்பு கிடையாதே தவிர, வீட்டில் பாயசம் உண்டு. நான் பூசை முடிந்த கையோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். அவர் சோறு ஆறிப்போன பிறகுதான் வருவார். எங்கே போனீர்கள் என்றால், பேசிக்கொண்டிருந்தேன் என்பார். பேச்சுக்குப் பிறந்த மனுஷன் என்று நான் தட்டை ணங்கென்று வைப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்வானேன்? சந்தோஷம் எல்லாம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். ஊருக்கெல்லாம் மடித்துக் கொடுத்திருக்கிறார். கட்டின பெண்டாட்டிக்கு வந்தது அதில் ஒன்று. எது என்றுகூடத் தெரியாத ஒன்று.

"மம்மி."

அனிட்டா நின்றிருந்தாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. "எவ்ளோ தடவ கால் பண்றது? ஏதாவது ஆயிருச்சோன்னு நெனச்சேன். போன எடுத்தா என்ன?"

நான் மேஜையைக் காட்டினேன். நுனியைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு அப்பாவின் மடிப்பு தெரியும். ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், முகம் மாறியது. அப்புறம் இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். என்னைப் போலவேதான் பார்த்தாள்.

"நம்மளது எதும்மா?"

"அதான் தெரியலையே."

அடுப்பில் கரி சிவந்து நின்றது. மகேஷ் எங்களையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னாசி பையா இருந்தால் இந்நேரம் முடித்திருப்பார், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுவார், ஒரு புகை வராது என்றான்.

"மொத்த சாக்கையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம்," என்றாள் அனிட்டா. காலையில் அவ்வளவு சட்டம் பேசின பெண், இப்போது சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் அப்பா பண்ணுனது. நாம வச்சுக்கலாம்மா. சாம்பல் ஆன்லைன்ல கெடைக்குது. இப்ப ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துரும். யாருக்குத் தெரியப்போகுது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானே சாக்கைத் தூக்கிக்கொண்டு படியேறியிருப்பேன். மனசுக்குள் கட்டிலுக்கு அடியில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன். ஆன்லைன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குச் சுரீர் என்றது. எவன் வீட்டு அடுப்புச் சாம்பலையோ டப்பாவில் அடைத்து அனுப்புவான், அதைக் கதிரவன் நெற்றியிலும் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் நெற்றியிலும் பூசுவதா? அவர்கள் எல்லாரும் இன்னாசி மடித்ததைத்தானே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அவர்களில் எவரும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கொடுக்காமல் இருக்க நினைத்தது நான் ஒருத்திதான்.

"போடி இவளே," என்றேன். "ஸ்டூல இழு."

மகேஷிடம் பழைய எண்ணெய் டின் ஒன்றை வாங்கிக் கரி மேல் வைத்தேன். எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் ஒருவர் கூட இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினால் சிலது தெரிந்துவிடும். ஒரு பிடிக்கு மேல் போடக் கூடாது. போட்டதும் தட்டால் மூடிவிட வேண்டும். தண்ணீர் கிட்டவே வரக் கூடாது. அனிட்டா எடுத்துக் கொடுத்தாள், நான் போட்டேன். முதல் சிலுவையைப் போடும்போது கை டின் மேலேயே நின்றுவிட்டது, சூடு உறைத்த பிறகுதான் விட்டேன். அது சட்டென்று பிடித்து, வளைந்து, மடிப்பு விட்டுப் பிரிந்தது. அவர் மடித்தது அவிழ்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் நான் உள்ளே பார்க்கவில்லை.

இரண்டாம் மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, என்ன புகை, கமிட்டிக்குப் போன் செய்யவா என்று இந்தியில் கேட்டாள். உங்கள் வீட்டுத் துணிக்குத்தான் கரி மூட்டுகிறேன் என்று மகேஷ் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னான். அவள் உள்ளே போய்விட்டாள்.

"காலையில அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி," என்றேன் டின்னைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா, சொல்லியிருக்கக் கூடாது," என்றாள் அனிட்டா. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்த பிடியை நீட்டினாள்.

எல்லாம் எரிந்து, ஆறி, ஜாக்கெட் லைனிங் துணியில் போட்டுச் சலித்தபோது ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட நிறையவில்லை. அவ்வளவு பெரிய சாக்குக்கு அவ்வளவுதான். கதிரவன் டூட்டி முடிந்து வந்து, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான். ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று அவன் சொல்லத்தான் செய்தான். நான் எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு சிட்டிகையோடு நிற்க மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் கோவில் நிறைந்துவிட்டது. நர்சுகள் டூட்டி உடுப்போடு வந்திருந்தார்கள். கட்டட வேலை முடித்துச் சிமெண்ட் காலோடு வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். இந்தி பூசையைத் தவறவிட்ட கூட்டமும் எங்களோடு சேர்ந்துகொண்டது. விபூதி பூசும் நேரம் வந்தபோது சாமியார் என்னைக் கூப்பிட்டார். இன்னாசி அண்ணன் நிற்கிற இடத்தில் நீங்கள் நில்லுங்கள் என்று சொல்லிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

நின்றேன். வரிசையாக வந்தார்கள். சாமியார் கட்டைவிரலால் தொட்டு ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை போட்டார். "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்பதை நினைவில் கொள்." எத்தனை நெற்றியோ, அத்தனை தடவை. நான் நெற்றிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரவன் நெற்றி, அவன் மனைவி பூங்கோதை நெற்றி, யாரென்றே தெரியாத ஒரு கிழவர் நெற்றி. அனிட்டாவும் வந்து வாங்கிக்கொண்டு போய்த் தூணோரம் நின்றாள். கிண்ணம் குறைந்துகொண்டே வந்தது, வரிசை குறையவில்லை.

கடைசி ஆள் நகர்ந்ததும் சாமியார் என் பக்கம் திரும்பினார். கட்டைவிரலைக் கிண்ணத்தில் வைத்தார். வழித்தார். கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். பளிச்சென்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அடடா," என்றார் மெதுவாக. "இருங்கம்மா, இங்கிலீஷ் பூசையில மிச்சம் இருக்கும், வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"வேணாம் சாமி," என்றேன். எனக்கு வேறு யாருடைய சாம்பலும் வேண்டாம். கிண்ணத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு எனக்கு இல்லாமல் நிற்கிறேனே என்று நெஞ்சு பொங்கிக்கொண்டு வந்தது.

அனிட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவழிக்கே வந்துவிட்டாள்.

"ஒனக்கு வைக்கலையா?"

"தீந்துபோச்சு."

"மொத்தத்தையும் குடுத்துட்டியா? லூசும்மா நீ," என்றாள். குரல் உடைந்துவிட்டது. தன் நெற்றியில் இருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். அவளுடைய சிலுவை பாதி அழிந்து போனது. விரலை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அந்த வசனத்தச் சொல்லணுமாம்மா? மண்ணு, அது?"

"வேணாண்டி," என்றேன். "அது எனக்குத் தெரியும். நீ வையி."